பலூன் விற்றவர் செய்த டயர்!

அரியலூர்ப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக சிமெண்டு ஆலைகளுக்குப் போய்க்கொண்டே இருக்கும். அத்தனை பாரமும் டயர் மீதுதான். பக்கத்து மாவட்டமான பெரம்பலூரில், நாரணமங்கலத்தில், எம்.ஆர்.எப். டயர் தொழிற்சாலை இருக்கிறது. அந்தக் கம்பெனியைத் தொடங்கியவர் ஒரு காலத்தில் சென்னைத் தெருக்களில் பலூன் விற்றவர்!

அவர் பெயர் கே. எம். மம்மன் மாப்பிள்ளை. 1922-ம் ஆண்டு நவம்பர் 28-ந் தேதி பிறந்தார். கேரளத்துச் செல்வக் குடும்பம். தந்தை "மலையாள மனோரமா" பத்திரிகையின் ஆசிரியர். பெரிய பாங்கி ஒன்றையும் நடத்தினார்.

1938-ல் இடி விழுந்தது. பாங்கி மூடப்பட்டது. திருவிதாங்கூர் திவானின் கோபத்துக்கு ஆளான பத்திரிகைக்கும் பூட்டு! தந்தை சிறைக்குப் போனார். சொத்துகள் கைவிட்டுப் போயின. அப்போது மகனுக்கு 16 வயதுகூட நிரம்பவில்லை. சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தபோது தரையில்தான் படுத்து உறங்கினார்.

படிப்பு முடிந்தது. 1946-ல் திருவொற்றியூரில் ஒரு சிறிய கொட்டகை. எந்திரம் கிடையாது. கையாலேயே பலூன் செய்தார்கள். மனைவியும் கூட நின்று உழைத்தார். செய்த பலூனைப் பையில் போட்டுக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினார் மம்மன் மாப்பிள்ளை. பட்டதாரிக்கு இது வேண்டுமா என்று நினைத்தவர்கள் இருந்திருப்பார்கள். அவர் வெட்கப்படவில்லை.

1952-ல் புதிய தொழிலில் இறங்கினார். தேய்ந்த டயரைத் தூக்கி எறியாமல், அதன் மேல் புது ரப்பர் ஒட்டி மீண்டும் ஓட்டுவார்கள். ரீட்ரேடிங் என்பது இதுதான். அதற்கு வேண்டிய ரப்பரை வெளிநாட்டுக் கம்பெனிகள் விற்றுவந்தன. அவற்றோடு மோதினார். நாலே ஆண்டுகளில் நாட்டில் விற்ற ரீட்ரேடிங் ரப்பரில் ஏறக்குறையப் பாதி அவருடையது!

அடுத்தது டயர். 1961-ல் பொதுமக்களுக்குப் பங்குகளை விற்றுப் பணம் திரட்டினார். அமெரிக்காவின் மான்ஸ்பீல்டு கம்பெனி தொழில்நுட்பம் தந்தது. இங்கேதான் வந்தது சோதனை. அமெரிக்க முறையில் செய்த டயர் நம் ரோட்டில் தாக்குப்பிடிக்கவில்லை. அங்கே வழவழப்பான ரோடு, அளவான பாரம். இங்கே குண்டும் குழியும், கொளுத்தும் வெயில், அளவுக்கு மீறிய சுமை. ஊரார் பணம் போட்ட கம்பெனி. டயர் வெடித்தால் கம்பெனியும் போய்விடும்!

அவர் பின்வாங்கவில்லை. நம் ரோட்டுக்கு ஏற்ற டயரை இங்கேயே ஆராய்ந்து செய்ய முடிவு செய்தார். 1963-ல் திருவொற்றியூரில் ரப்பர் ஆராய்ச்சி நிலையத்துக்குப் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1967-ல் அமெரிக்காவுக்கே டயர் போயிற்று. அப்படி அனுப்பிய முதல் இந்தியக் கம்பெனி இதுதான்.

ரோட்டுக்கு ஏற்ற டயர் வேண்டும் என்பதுபோல், டயருக்கு ஏற்றபடி சக்கரமும் நிற்கவேண்டும். பழைய அம்பாசடர், பியட் கார்கள் வைத்திருப்போர் இதைக் கவனிக்கவேண்டும். அந்த நாள் டயரில் உள்நூல்கள் சாய்வாக, ஒன்றன்மேல் ஒன்று குறுக்கிட்டுச் செல்லும். ரேடியல் டயரிலோ ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நேராகச் செல்லும். பழைய டயருக்காக முன்சக்கரங்களின் முன்பக்கத்தைச் சற்று உள்நோக்கி வைத்திருப்பார்கள். ரேடியலுக்கு அவ்வளவு தேவையில்லை. டயரை மட்டும் மாற்றிவிட்டு வீல் அலைன்மென்டைப் பார்க்காமல் விட்டால், புது டயர் ஓரம் தேய்ந்துபோகும். காசு தண்டம்! ஒரே அச்சில் ஒரு பக்கம் பழைய வகை, மறுபக்கம் ரேடியல் என்று மாட்டுவது ஆபத்து.

1979-ல் மான்ஸ்பீல்டு விலகிக்கொண்டது. கம்பெனியின் பெயர் எம்.ஆர்.எப். என்று சுருங்கியது. தொழில் சுருங்கவில்லை. 1992-ல் மம்மன் மாப்பிள்ளைக்கு பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

2003 மார்ச் 3-ந் தேதி, 80-வது வயதில், அவர் காலமானார். நாரணமங்கலத்தில் தொழிற்சாலை எழுந்தது அதற்குப் பிறகு. அதை அவர் பார்க்கவில்லை.