லிவர்பூல் தந்த ஷைகுல் இஸ்லாம்: அப்துல்லாஹ் குவில்லியம்



தான் நாடியவருக்கு ஹிதாயத் எனும் நேர்வழியை வழங்குபவன் அல்லாஹ் ஒருவனே. அந்நேர்வழி எந்த மண்ணிலும் வேர்விடும் என்பதற்கு, இங்கிலாந்தின் பழமைமிக்க துறைமுக நகரான லிவர்பூலில் பிறந்த மர்ஹூம் அப்துல்லாஹ் குவில்லியம் அவர்களின் வாழ்வு ஒரு சான்றாகும். அவ்வாழ்வில் ஜமாஅத் நிர்வாகத்திற்குரிய கசப்பான பாடம் ஒன்றும் உண்டு.

அன்னார் 1856 ஏப்ரல் 10 அன்று வில்லியம் ஹென்றி குவில்லியம் என்ற பெயருடன் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றில் பிறந்தார்கள். சட்டம் பயின்று, 1878 முதல் லிவர்பூலிலேயே வழக்கறிஞராகத் தொழில் புரிந்து புகழ் பெற்றார்கள். சிறுவயது முதலே மதுவிலக்குப் பற்றில் வளர்ந்த அவர்கள், உடல்நலம் கருதி 1882இல் மேற்கொண்ட பயணத்தில் மொராக்கோவை அடைந்து, அங்கே முஸ்லிம்களின் வாழ்வை நேரில் கண்டார்கள். ஐந்தாண்டுகள் ஆராய்ந்து தெளிந்து, 1887இல் தீனுல் இஸ்லாத்தை ஏற்று அப்துல்லாஹ் ஆனார்கள்.

நகரை விட்டு விலகாமல், தாம் பிறந்து வளர்ந்த ஊரின் நடுவிலேயே முஸ்லிமாக வாழ்வதென அன்னார் உறுதி பூண்டார்கள். வாடகை மண்டபம் ஒன்றில் கைவிரல் விட்டு எண்ணத்தக்க சிலருடன் தொழுகை தொடங்கியது. அச்சிறு ஜமாஅத்தின் கொள்கையை விரும்பாத கட்டட உரிமையாளர் அவர்களை வெளியேற்றினார். அதன் பின்னர் பிரௌகம் டெரஸ் என்னும் வீட்டு வரிசையில் 8ஆம் எண் இல்லம் 1889 டிசம்பர் 25 அன்று பள்ளிவாசலாகத் திறக்கப்பட்டது.

வீட்டின் மேல்தளத்திலிருந்து பாங்கோசை எழும்போதெல்லாம் தெருவில் கூட்டம் கூடியது. கல்லும் சேறும் வீசப்பட்டன. முதன்முதலில் இஸ்லாத்தை ஏற்ற பெண்மணிகளுள் ஒருவரான சகோதரி ஃபாத்திமா கேட்ஸ் அவர்களின் முகத்தில் குதிரைச் சாணத்தைப் பூசிய கொடுமையும் நிகழ்ந்தது. இத்தனைக்கும் அன்னார் அளித்த பதில் ஹித்மத் எனும் சேவையே. கிறிஸ்துமஸ் நாளில் அந்நகரின் ஏழைகளுக்கு மதபேதமின்றி உணவளித்தார்கள். ஆதரவற்ற குழந்தைகளுக்காக 'மதீனா இல்லம்' நிறுவினார்கள். கப்பலில் வந்து அந்நிய மண்ணில் மரணித்த முஸ்லிம் மாலுமிகளின் ஜனாஸா கடமைகளை முன்னின்று நிறைவேற்றினார்கள். 1893 முதல் 'தி கிரெசென்ட்' என்னும் வார இதழை நடத்தினார்கள். அன்னாரின் அழைப்பால் ஏறத்தாழ 600 பேர் இஸ்லாத்தைத் தழுவினர் என்பர். பெற்ற தாயாரும் அவர்களுள் ஒருவர் என்பது எத்துணை பெரும் பாக்கியம்!

உதுமானிய கலீஃபா இரண்டாம் சுல்தான் அப்துல் ஹமீது அவர்கள் 1894இல் அன்னாரை பிரிட்டிஷ் தீவுகளின் ஷைகுல் இஸ்லாமாக நியமித்தார்கள். 1895இல் வருகை புரிந்த ஆப்கானிய இளவரசர் நஸ்ருல்லாஹ் கான் அவர்கள் 2,500 பவுன் நன்கொடை வழங்கினார்கள்.

இனிச் சொல்ல வேண்டியது வருத்தத்திற்குரியது. இறந்தோரின் குறைகளைத் தூற்றுவது நமக்கு ஆகாது. எனினும் படிப்பினைக்காக உண்மையை மறைத்தலும் தகாது. விவாகரத்து வழக்கு ஒன்றில் அன்னார் நடந்துகொண்ட முறை குற்றமெனக் கருதப்பட்டு, 1909இல் வழக்கறிஞர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். அதற்கு முன்னரே, 1908இல் இஸ்தான்புல் சென்றுவிட்டார்கள். அவர்கள் சென்றதும் பள்ளிவாசல் கட்டடம் மகனாரால் விற்கப்பட்டது. சாணமும் கல்லும் கலைக்க முடியாத ஜமாஅத், ஒரு தலைவர் அகன்றதும் கலைந்தது! நெற்றிகள் ஸுஜூது செய்த அவ்விடம் பின்னர் பல்லாண்டுகள் மாநகராட்சியின் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவு அலுவலகமாக இயங்கியது.

பிற்காலத்தில் அன்னார் ஹாரூன் முஸ்தஃபா லியோன் என்ற பெயருடன் இங்கிலாந்து திரும்பி வாழ்ந்து, 1932 ஏப்ரல் 23 அன்று இலண்டனில் வஃபாத்தானார்கள். வோக்கிங் அருகிலுள்ள புரூக்வுட் மையவாடியில் நல்லடக்கம் செய்யப்பட்டார்கள். பிற்காலத் தலைமுறையினரின் முயற்சியால், 2014இல் அதே பிரௌகம் டெரஸ் கட்டடத்தில் மீண்டும் தொழுகை தொடங்கியது. அல்ஹம்துலில்லாஹ்!

அன்பானவர்களே! அக்கட்டடம் முறையாக வக்ஃபு செய்யப்பட்டு, பலர் பொறுப்பேற்கும் நிர்வாகத்தின் கீழ் இருந்திருப்பின், ஒருவரின் சறுக்கலோடு ஒரு நூற்றாண்டுக் காலம் அங்கே பாங்கொலி ஓய்ந்திருக்குமா? ஆகவே இம்மலரில் அச்சிடப்பட்டுள்ள வரவு செலவுக் கணக்கையும் சொத்து விவரத்தையும் சடங்காகக் கருதிப் பக்கம் புரட்டாதீர்கள். ஆண்டுக் கூட்டத்திற்கு வாருங்கள், கேள்வி கேளுங்கள். பொறுப்பிலுள்ளோரும் கேள்வியைக் குறையாக எண்ணாது அமானிதத்தின் காவலாகக் கொள்வார்களாக! அடுத்த தலைமுறையை இன்றே பொறுப்பில் பழக்குவோமாக!

வல்ல ரஹ்மான் மர்ஹூம் அவர்களின் பிழைகளைப் பொறுத்து, நற்பணிகளை ஏற்று, மேலான சுவனபதியை வழங்குவானாக! நமது பள்ளியையும் ஜமாஅத்தையும் கியாமத் நாள் வரை நிலைபெறச் செய்வானாக! ஆமீன்.