சையது அப்துல் ரகீம்

சையது அப்துல் ரகீம் (ஆகஸ்ட் 17, 1909 – ஜூன் 11, 1963) இந்தியக் காற்பந்துப் பயிற்சியாளரும் பள்ளி ஆசிரியரும் ஆவார். ஐதராபாத்தைச் சேர்ந்த இவர், 1950 முதல் தமது இறப்பு வரை ஐதராபாத் நகரக் காவல்துறை அணிக்குப் பயிற்சியளித்தார். இந்திய அணியின் பயிற்சியாளராகவும் பணியாற்றினார். இவரது பயிற்சியின்கீழ் இந்தியா 1951, 1962 ஆம் ஆண்டுகளின் ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் தங்கப் பதக்கம் வென்றது. 1956 மெல்பேர்ண் ஒலிம்பிக்கில் நான்காம் இடத்தைப் பெற்றது. வீரர்களின் திறனை மதிப்பிடுவதிலும், ஒவ்வொருவருக்கும் களத்தில் பொருத்தமான இடத்தைக் கண்டறிவதிலும் வல்லவராக அறியப்படுகிறார். ஐதராபாத் காற்பந்து வட்டாரங்களில் ரகீம் சாகிப் என அழைக்கப்பட்டார்.

இளமையும் ஆசிரியப் பணியும்

ரகீம் ஐதராபாத்தில் பிறந்தார். உசுமானியா பல்கலைக்கழகத்தில் பயின்றபோது அதன் காற்பந்து அணியில் ஆடினார். பின்னர் உள்ளூர்க் கழகங்களிலும் விளையாடினார். படிப்பை முடித்த பின்னர் ஐதராபாத் நகரப் பள்ளிகளில் ஆசிரியராகப் பணியாற்றினார். உடற்கல்வியில் பட்டயம் பெற்று, பள்ளிகளின் விளையாட்டுப் பொறுப்பையும் ஏற்றார்.

ஆசிரியப் பணியே இவரது பயிற்சி முறைக்கு அடித்தளமாக அமைந்தது. ஒரு வகுப்பில் உள்ள மாணவர்கள் அனைவரும் ஒரே தரத்தில் இருப்பதில்லை. அவரவர் குறையை அறிந்து, அதற்கேற்பப் பயிற்றுவிப்பது ஆசிரியரின் கடமை. இந்த அணுகுமுறையை ரகீம் காற்பந்துக் களத்திலும் கையாண்டார். 1940களில் ஐதராபாத் காற்பந்துச் சங்கத்தின் செயலாளராகப் பொறுப்பேற்றார். இப்பொறுப்பின் காரணமாக நகரின் சிறு கழகங்களில் ஆடிவந்த இளைஞர்களைத் தொடர்ந்து கவனிக்கும் வாய்ப்பு இவருக்குக் கிடைத்தது.

அக்கால வீரர் மாற்றங்கள்

ரகீம் பணியாற்றிய காலத்தில் இந்தியக் காற்பந்து வீரர்கள் விதிமுறைப்படி தொழில்முறை சாராதவர்களாகவே இருந்தனர். காவல்துறை, இராணுவம், தொடருந்துத்துறை, ஆலைகள் போன்றவற்றில் வேலை பெற்று, அந்நிறுவனங்களின் அணிகளில் ஆடினர். நீண்ட கால ஒப்பந்தங்கள் வழக்கில் இல்லை. ஆகவே ஒரு பருவம் முடிந்ததும் வீரர் விரும்பினால் வேறு கழகத்திற்குச் செல்ல முடிந்தது.

இவ்வகை மாற்றங்களின் மையமாகக் கல்கத்தா (இன்றைய கொல்கத்தா) விளங்கியது. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் ஆகிய மூன்று பெரிய கழகங்களும் புதிய வீரர்களைப் பெறுவதில் ஆண்டுதோறும் போட்டியிட்டன. அவற்றின் பார்வை பெரிதும் தென்னிந்தியா மீது பதிந்திருந்தது. 1949 முதல் 1953 வரை ஈஸ்ட் பெங்கால் கழகத்தின் முன்களத்தில் ஆடிப் பஞ்சபாண்டவர் எனப் பெயர் பெற்ற வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே ஆகிய ஐவரும் தென்னாட்டிலிருந்து சென்றவர்களே.

பெருங்கழகங்கள் ஏற்கனவே பெயர் பெற்ற வீரர்களைத் தேடின. பண வசதியிலும் இரசிகர் ஆதரவிலும் கல்கத்தாவுடன் போட்டியிடும் நிலையில் ஐதராபாத் இல்லை. எனவே, பிறர் கண்ணில் படாத வீரர்களை முன்னதாகவே கண்டறிவதும், ஒருவர் விலகிச் சென்றால் அவ்விடத்தை நிரப்ப வேறொருவரை உருவாக்குவதும் ரகீமுக்கு இன்றியமையாதன ஆயின.

ஐதராபாத் நகரக் காவல்துறை அணி

1950 இல் ரகீம் ஐதராபாத் நகரக் காவல்துறை அணியின் பயிற்சியாளரானார். அவ்வாண்டே அந்த அணி மும்பையில் நடைபெற்ற ரோவர்ஸ் கோப்பையை வென்றது. தொடர்ந்து 1954 வரை ஐந்து ஆண்டுகள் அக்கோப்பை அவ்வணியிடமே இருந்தது. அக்காலத்தில் தில்லியில் நடைபெற்ற டுராண்ட் கோப்பையை 1950, 1954, 1957 ஆம் ஆண்டுகளில் வென்றது. மாநிலங்களுக்கு இடையிலான சந்தோஷ் கோப்பைப் போட்டியில் ஐதராபாத் அணி 1956, 1957 ஆகிய இரு ஆண்டுகளிலும் வெற்றி பெற்றது. நகரக் காவல்துறை அணி பின்னாளில் ஆந்திரப் பிரதேசக் காவல்துறை அணி எனப் பெயர் மாறியது.

அசீசுத்தீன், நூர் முகமது, யூசுப் கான் முதலியோர் இவ்வணியின் வழியாக இந்திய அணிக்குச் சென்ற வீரர்களுள் சிலர்.

வீரர் தேர்வும் பயிற்சியும்

அக்காலத்தில் இந்திய இரசிகர்கள் பந்தைத் தனியாளாக நெடுந்தொலைவு கடத்திச் செல்லும் ஆட்டத்தையே பெரிதும் விரும்பினர். வீரரின் புகழும் அதைக்கொண்டே அளவிடப்பட்டது. ரகீம் இதனைப் போதுமான அளவுகோலாகக் கருதவில்லை. பந்தைத் தடுத்து நிறுத்தாமல் ஒரே தொடுகையில் தோழருக்கு அனுப்புதல், இரு கால்களையும் பயன்படுத்துதல், பந்து தம்மிடம் இல்லாதபோதும் சரியான இடத்திற்கு நகர்தல் ஆகியவற்றுக்கு முதன்மை அளித்தார்.

இத்திறன்களை வளர்ப்பதற்கும் சோதிப்பதற்கும் ஐதராபாத்தில் தனி விதிகளுடன் கூடிய போட்டிகளை நடத்தினார். சில போட்டிகளில் பந்தைக் கடத்திச் செல்வது தடை செய்யப்பட்டது. வேறு சிலவற்றில் வீரர்கள் தங்கள் வலுக் குறைந்த காலை மட்டுமே பயன்படுத்த வேண்டியிருந்தது. உயரம் குறைந்தவர்களுக்கெனவும், குறிப்பிட்ட வயதினருக்கெனவும் தனிப் போட்டிகள் நடைபெற்றன. ஒருவரின் வழக்கமான வலிமையை விலக்கிவிட்டால் எஞ்சும் திறன் என்ன என்பதை இப்போட்டிகள் காட்டின. உடல்வாகு காரணமாகப் புறக்கணிக்கப்படக்கூடிய சிறுவர்களும் இவற்றால் கவனம் பெற்றனர்.

துளசிதாஸ் பலராம் இவர் கண்டறிந்த வீரர்களுள் முதன்மையானவர். செகந்தராபாத்தை அடுத்த அம்முகுடாவில் வறிய தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர் பலராம். அவரது ஆட்டத்தைக் கண்ட ரகீம், ஐதராபாத் அணியின் பயிற்சிக்கு வருமாறு அழைத்தார். நாள்தோறும் நகருக்கு வந்து செல்லப் பலராமிடம் பணம் இல்லை. வாடகை மிதிவண்டிக்கான தொகையை ரகீமே கொடுத்துதவினார். சில ஆண்டுகளுக்குள் பலராம் இந்திய அணியில் இடம்பெற்று 1956, 1960 ஒலிம்பிக் போட்டிகளில் ஆடினார். 1957 இல் ஈஸ்ட் பெங்கால் கழகத்தில் சேர்ந்து, பின்னர் அதன் தலைவருமானார். கல்கத்தாவின் பெருங்கழகம் விரும்பி அழைக்கும் வீரராக அவர் ஆவதற்கு முன்னரே ரகீம் அவரது தகுதியைக் கணித்திருந்தார்.

இந்திய அணியில்

1951 மார்ச்சில் முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டி புது தில்லியில் நடைபெற்றது. ரகீமின் பயிற்சியில் இந்தியா, இந்தோனேசியாவையும் ஆப்கானிஸ்தானையும் தலா 3–0 என வென்றது. இறுதியாட்டத்தில் மேவாலால் அடித்த ஒரே கோலினால் ஈரானை வென்று தங்கம் பெற்றது. சைலேன் மன்னா இவ்வணியின் தலைவர்.

அடுத்த ஆண்டு எல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோசுலாவியாவிடம் 10–1 என்ற பெருந்தோல்வி நேர்ந்தது. இந்திய வீரர்களுள் பலர் காலணியின்றி ஆடியது குளிரும் ஈரமும் மிக்க களத்தில் பெருங்குறையாக அமைந்தது. இத்தோல்விக்குப் பின்னர் இந்தியாவில் காலணி அணிந்து ஆடுவது கட்டாயமாக்கப்பட்டது. அங்கேரி அணியின் ஆட்டமுறைகளை ரகீம் ஆர்வத்துடன் கற்று, அவற்றை இந்திய வீரர்களுக்கேற்ப மாற்றியமைத்தார். தற்காப்பை வலுப்படுத்தும் புதிய அணியமைப்பையும் கையாண்டார்.

1956 மெல்பேர்ண் ஒலிம்பிக்கில் இதன் பயன் தெரிந்தது. முதற்சுற்றில் அங்கேரி விலகியதால் இந்தியா காலிறுதிக்கு முன்னேறியது. அங்கே ஆஸ்திரேலியாவை 4–2 என வென்றது. நெவில் டிசூசா மூன்று கோல்கள் அடித்தார். ஒலிம்பிக் காற்பந்தில் அரையிறுதியை எட்டிய முதல் ஆசிய அணி என்ற பெருமையை இந்தியா பெற்றது. அரையிறுதியில் யூகோசுலாவியாவுக்கு எதிராக இந்தியாவே முதல் கோலை அடித்தது. எனினும் ஆட்டம் 4–1 எனத் தோல்வியில் முடிந்தது. வெண்கலப் பதக்கத்திற்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 3–0 எனத் தோற்று நான்காம் இடம் பெற்றது.

1960 உரோம் ஒலிம்பிக்கில் இந்தியா கடினமான பிரிவில் இடம்பெற்றது. அங்கேரியிடம் 2–1 என்ற குறுகிய வேறுபாட்டில் தோற்றது. அவ்வாட்டத்தில் பலராம் கோல் அடித்தார். பிரான்சுடன் 1–1 எனச் சமன் செய்தது. பெருவிடம் 3–1 எனத் தோற்று முதற்சுற்றிலேயே வெளியேறியது. தஞ்சாவூரைச் சேர்ந்த சைமன் சுந்தரராஜ் இவ்வணியில் இடம்பெற்றிருந்தார்.

1962 ஆசிய விளையாட்டுப் போட்டி

ஜகார்த்தாவில் நடைபெற்ற நான்காவது ஆசிய விளையாட்டுப் போட்டியே ரகீமின் கடைசிப் பெரும் பணியாக அமைந்தது. அப்போது அவரது உடல்நலம் குன்றத் தொடங்கியிருந்தது. இஸ்ரேல், தாய்வான் ஆகிய நாடுகளைப் போட்டியில் அனுமதிக்காததை இந்திய அலுவலர் ஜி. டி. சோந்தி கண்டித்ததால், இந்தோனேசியாவில் இந்தியாவுக்கு எதிரான உணர்வு மேலோங்கியிருந்தது. இந்திய அணி ஆடிய ஆட்டங்களில் பார்வையாளர்கள் கடும் எதிர்ப்பைக் காட்டினர்.

முதல் ஆட்டத்தில் இந்தியா தென்கொரியாவிடம் 2–0 எனத் தோற்றது. அடுத்துத் தாய்லாந்தை 4–1 எனவும், ஜப்பானை 2–0 எனவும் வென்றது. தாய்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில் பின்கள வீரர் ஜர்னயில் சிங்கின் தலையில் அடிபட்டுத் தையல் போட வேண்டியதாயிற்று. பந்தைத் தலையால் தடுக்க வேண்டிய தற்காப்புப் பணியில் அவரை மீண்டும் நிறுத்துவது இடர்மிக்கது. ஜர்னயில் சிங் கல்லூரி நாட்களில் முன்கள வீரராக ஆடியவர். இதனைக் கருத்திற்கொண்டு ரகீம் அவரை நடு முன்கள வீரராக நிறுத்தினார். தற்காப்பின் நடுப்பொறுப்பு அருண் கோஷிடம் அளிக்கப்பட்டது.

அரையிறுதியில் தென்வியட்நாமை இந்தியா 3–2 என வென்றது. அணித் தலைவர் சுனி கோஸ்வாமி இரு கோல்களையும், ஜர்னயில் சிங் ஒரு கோலையும் அடித்தனர்.

இறுதியாட்டத்திற்கு முன்னர் ரகீம் மற்றொரு முடிவையும் எடுத்தார். அதுவரை கோல் காத்துவந்த பிரத்யுத் பர்மனுக்குப் பதிலாக, காய்ச்சலிலிருந்து மீண்டுவந்த பீட்டர் தங்கராஜைக் களமிறக்கினார். தங்கராஜும் இடம் மாறி ஆடிய வீரரே. இளமையில் முன்களத்தில் ஆடிய அவர், நீலகிரியில் உள்ள வெலிங்டன் மதராஸ் படைப்பிரிவு மையத்தின் அணியில் சேர்ந்த பின்னரே கோல் காப்பாளராக உயர்ந்தார். அவரது உயரமும், உயரத்தில் வரும் பந்தைக் கைப்பற்றும் ஆற்றலும் கொரிய அணிக்கு எதிராகப் பயன்படும் என ரகீம் கருதினார்.

செப்டம்பர் 4, 1962 அன்று நடைபெற்ற இறுதியாட்டத்தில் இந்தியா மீண்டும் தென்கொரியாவைச் சந்தித்தது. பி. கே. பானர்ஜி 17ஆவது நிமிடத்திலும், ஜர்னயில் சிங் 20ஆவது நிமிடத்திலும் கோல் அடித்தனர். தென்கொரியா கடைசி நிமிடங்களில் ஒரு கோல் அடித்தது. இந்தியா 2–1 என வென்று இரண்டாவது முறையாகத் தங்கப் பதக்கம் பெற்றது. வெற்றியை உறுதி செய்த கோலை அடித்தவர், சில நாட்களுக்கு முன்வரை பின்களத்தில் ஆடிக்கொண்டிருந்த வீரர் என்பது குறிப்பிடத்தக்கது.

மறைவு

ரகீம் நுரையீரல் புற்றுநோயால் பாதிக்கப்பட்டிருந்தார். ஜகார்த்தா வெற்றிக்குப் பின் ஓராண்டு நிறைவதற்குள், ஜூன் 11, 1963 அன்று காலமானார். இவரது மகன் எஸ். எஸ். அக்கீம் 1960 ஒலிம்பிக் அணியில் இடம்பெற்றவர். பின்னர் பன்னாட்டு நடுவராகவும் பயிற்சியாளராகவும் பணியாற்றி, 2021 இல் மறைந்தார்.

தாக்கம்

1962 க்குப் பின்னர் இந்தியா ஆசிய விளையாட்டுப் போட்டிகளின் காற்பந்தில் தங்கம் வென்றதில்லை. 1970 இல் பெற்ற வெண்கலமே அடுத்த பதக்கமாகும். ரகீமின் கீழ் ஆடிய பி. கே. பானர்ஜி பின்னாளில் இந்தியாவின் முன்னணிப் பயிற்சியாளர்களுள் ஒருவரானார்.

ஐதராபாத் காற்பந்தும் ரகீமின் மறைவுக்குப் பின் படிப்படியாகச் செல்வாக்கு இழந்தது. சிறந்த வீரர்கள் கல்கத்தாவுக்குச் செல்வது அவர் காலத்திலும் நடந்ததே. ஆயினும் அவர் இருந்தவரை, சென்றவர்களின் இடத்தை நிரப்பப் புதியவர்கள் உருவாகிக்கொண்டிருந்தனர். சிறு கழகங்களின் ஆட்டங்களை இடைவிடாது கவனிப்பதிலும், தனி விதிப் போட்டிகளின் மூலம் இளைஞர்களைச் சோதிப்பதிலும் அவர் செலவிட்ட உழைப்பே இதனை இயலச் செய்தது.

ரகீமின் வாழ்க்கையைத் தழுவி எடுக்கப்பட்ட மைதான் என்னும் இந்தித் திரைப்படம் 2024 இல் வெளியானது. அஜய் தேவ்கன் இதில் ரகீமாக நடித்தார்.