மலைச்சரிவில் குறி தவறினால்… ஜிம் கார்பெட்

நம் ஊரிலிருந்து மேற்கே பார்த்தால் மேற்குத் தொடர்ச்சி மலை தெரிகிறது. அந்த மலைத்தொடரில் இன்றும் புலிகள் வாழ்கின்றன. புலி என்றாலே நினைவுக்கு வரும் ஜிம் கார்பெட்டைப் பற்றி இந்த இதழில் பார்ப்போம்.

1875 ஜூலை 25 அன்று நைனிதாலில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். பிறகு ரயில்வேயில் சேர்ந்து, கங்கைக் கரையில் உள்ள மொகாமே காட்டில் சரக்கு ஏற்றி இறக்கும் பணியைப் பல ஆண்டுகள் கவனித்தார்.

நேபாளத்திலும் குமாவோனிலும் 436 பேரைக் கொன்ற சம்பாவத் பெண்புலியைத் தேடி 1907-இல் அவர் பாலி என்ற கிராமத்துக்குப் போனார். மக்கள் பயந்து வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தார்கள். இறைச்சி வேண்டும் என்று அவர்கள் கேட்க, மலைச்சரிவில் நின்ற கோரல் என்னும் மலையாடுகளைச் சுட்டுக் கொடுத்தார். அதன் பிறகே ஊராருக்கு அவர் மேல் நம்பிக்கை வந்தது.

மலையில் சுடுவது எளிதல்ல. இலக்கு மேலே இருந்தாலும் சரி, கீழே இருந்தாலும் சரி, சமதளத்தில் வைப்பதுபோல் குறி வைத்தால் குண்டு சற்று உயரே போய்விடும். குண்டு எவ்வளவு தாழும் என்பதைச் சாய்வான தூரத்தைவிடக் கிடைமட்டத் தூரமே முக்கியமாகத் தீர்மானிக்கிறது. 30 டிகிரி சரிவில் 200 மீட்டர் தள்ளி நிற்கும் விலங்கை, 173 மீட்டரில் நிற்பதாகக் கணக்கிட்டுச் சுட வேண்டும்.

குறி தவறினால் என்ன ஆகும்? அந்தப் பெண்புலியே அதற்குச் சாட்சி. அதைச் சுட்டு வீழ்த்திய பிறகு வாயைப் பார்த்தார் கார்பெட். வலப்பக்கக் கோரைப் பற்கள் உடைந்திருந்தன. யாரோ எப்போதோ சுட்ட குண்டின் காயம் அது. வழக்கமான இரையைப் பிடிக்க முடியாமல்தான் அது மனிதரைத் தேடி வந்தது. குறி பிசகிய ஒரு குண்டுக்கு 436 உயிர்கள் பலியாயின!

1926-இல் 125 பேரைக் கொன்ற ருத்ரபிரயாக் சிறுத்தையையும் அவரே வீழ்த்தினார். பின்னாளில் துப்பாக்கியை விடக் கேமராவையே அதிகம் விரும்பினார். 1936-இல் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா உருவாகத் துணை நின்றார். 1947-இல் தமக்கை மேகியுடன் கென்யாவுக்குக் குடிபெயர்ந்து, 1955 ஏப்ரல் 19 அன்று மறைந்தார். பின்னர் அந்தப் பூங்காவுக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. புலிகள் பாதுகாப்புத் திட்டம் 1973-இல் தொடங்கியதும் அங்கேதான்.

1972-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வேட்டைக்குத் தடை வந்துவிட்டது. விடுமுறையில் பிள்ளைகளை முண்டந்துறைக்கு அழைத்துச் செல்லும்போது இந்தக் கதையையும் சொல்லுங்கள். கையில் கேமரா இருந்தால் போதும்.