ஆப்பிளின் சொந்த ஊர் எது? தேடிப்போன வாவிலோவுக்கு நேர்ந்தது என்ன?

ஆப்பிள்னா நமக்கு காஷ்மீரும் சிம்லாவும்தான் நினைவுக்கு வரும். ஆனால் அதன் பூர்வீகம் கஜகஸ்தான் மலைக்காடு. இதைச் சுட்டிக்காட்டியவர் ரஷ்யத் தாவரவியலாளர் நிகோலாய் வாவிலோவ்.

என்ன செய்தார்?

1887-ல் மாஸ்கோவில் பிறந்தவர். ஒரு பயிர் எங்கே அதிக வகைகளில் விளைகிறதோ, அதுவே அதன் பிறப்பிடம் என்பது அவர் கணக்கு. அதற்காகவே நாடு நாடாக விதை தேடி அலைந்தார். 1929-ல் அல்மாட்டி அருகே, தியான்ஷான் மலைச்சரிவில் ஆப்பிள் மரங்கள் காடாகவே நிற்பதைப் பார்த்தார். அளவு, நிறம், ருசி எல்லாம் மரத்துக்கு மரம் வேற. பிறப்பிடம் இதுதான் என்றார். பின்னாளில் டிஎன்ஏ ஆய்வுகளும் அதை உறுதி செய்தன.

இதனால் என்ன லாபம்?

கடையில் கிடைக்கும் ஒவ்வொரு ரகமும் ஒட்டுக்கட்டி வளர்ப்பது. ஒரு ரகத்தின் எல்லா மரத்துக்கும் ஒரே மரபணு. ஒரு மரத்தைச் சாய்க்கும் நோய் மொத்தத் தோப்பையும் சாய்க்கலாம். தாங்கும் குணத்தைக் காட்டு மரங்களில்தான் தேடணும்.

முடிவு

மரபியலை மறுத்த லைசென்கோவுக்கு ஸ்டாலின் ஆதரவு இருந்தது. அவரை எதிர்த்த வாவிலோவ், 1940-ல் செடி சேகரிக்கப் போன பயணத்திலேயே கைதானார். 1943 ஜனவரி 26-ல் சரடோவ் சிறையில் பட்டினியால் இறந்தார். வயது 55. லெனின்கிராட் முற்றுகையில் அவரது சகாக்கள் சிலரும், காவல் காத்த விதைகளைத் தின்னாமல் பட்டினியால் உயிர்விட்டனர்.

அந்த விதை வங்கி இன்றும் அவர் பெயரில் இயங்குகிறது.