கதை எழுதக் கற்றுத் தந்த கு. அழகிரிசாமி

கோல சிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்ட மக்களில் பலருக்கு ஓர் எண்ணம் உண்டு. கதை எழுதுறது பெரிய படிப்பு படிச்சவங்க வேலை. நமக்கெல்லாம் எதுக்கு என்பார்கள். இந்த எண்ணம் தப்பு என்பதற்கு கு. அழகிரிசாமியின் வாழ்க்கையே சாட்சி.

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவல் என்ற சின்னக் கிராமத்தில் 1923-ம் ஆண்டு பிறந்தவர் அவர். எளிய குடும்பம். கல்லூரிப் பக்கம் போனதில்லை. பள்ளிப் படிப்பு முடிந்ததும் பிழைப்புக்காகச் சில காலம் குமாஸ்தா வேலை பார்த்தார். பிறகு சென்னைக்குப் போய்ப் பத்திரிகைகளில் சேர்ந்தார். சிறுகதையில் பெரும் பெயர் பெற்றார். நாவல் எழுதினார், நாடகம் எழுதினார், கீர்த்தனைகளும் இயற்றினார்.

1952-ல் நம் நாட்டுக்கு வந்து 'தமிழ் நேசன்' ஆசிரியர் குழுவில் சேர்ந்தார். அவசரகாலம் நடந்துகொண்டிருந்த நேரம் அது. தோட்ட ஜனங்கள் முள்கம்பி வேலிக்குள் வாழ்ந்த காலம். அவர் வருவதற்கு முன்பே, 1950-ல், அதே பத்திரிகையில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் கதை வகுப்பு நடத்தி வழி திறந்திருந்தார்கள். அழகிரிசாமி எழுதுகிறவர்களை ஒன்றுகூட்டி இலக்கிய வட்டம் நடத்தினார். கதைகளைப் படித்து, எது நிற்கிறது, எது நிற்கவில்லை என்று அங்கே அலசினார்கள். வெறும் பாராட்டு எழுத்தை வளர்க்காது. குறையை எடுத்துச் சொன்னால்தான் வளரும்.

1957-ல் தாயகம் திரும்பியவர் 1970-ல், 47 வயது நிறையும் முன்னே காலமானார். அந்த ஆண்டின் சாகித்திய அகாடமி பரிசு அவருடைய 'அன்பளிப்பு' நூலுக்கு அவர் மறைவுக்குப் பின் கிடைத்தது. அவருடைய பால்ய நண்பர், அதே இடைசெவல்காரர் கி. ராஜநாராயணன். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாத அவருக்கும் 1991-ல் அதே பரிசு வந்தது. ஒரு குக்கிராமத்துக்கு இரண்டு பரிசு!

நம் வட்டாரத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் பல மறைந்தன. பெரட்டுக்கு நின்றவர்களும் பால்மரம் வெட்டியவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கதையை நாம் எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்?

ஆகவே பெற்றோர்களே, பிள்ளைங்க கையில ஒரு நோட்டுப் புத்தகம் கொடுங்க. பாட்டி சொல்ற தோட்டத்துச் சேதியை எழுதச் சொல்லுங்க. மாதம் ஒருமுறை கோயில் மண்டபத்திலோ பள்ளியிலோ கூடி, எழுதினதைப் படிச்சு, குறை நிறை பேசுங்க. இலக்கிய வட்டம் என்பது அவ்வளவுதான்.