ஏர் பிடித்தவர் எழுதிய இலக்கணம்

ஆங்கில இலக்கணம் என்றவுடன் நம் மாணவர்களுள் பலருடைய முகம் வாடுவதை நாம் அன்றாடம் காண்கிறோம். பெற்றோருள்ளும் சிலர், அது படித்தவர் வீட்டுப் பிள்ளைகளுக்கே வரும், பால்மரம் சீவுபவர் வீட்டுப் பிள்ளைக்கு வாராது என்று நம்மிடமே கூறியதுண்டு. அவர்களை எண்ணியே இவ்வாண்டு மலரில் வில்லியம் காபெட் என்னும் பெரியாரின் வரலாற்றை எழுத முற்பட்டோம். ஆங்கிலேயராகப் பிறந்தும், தம் தாய்மொழியின் இலக்கணத்தை அரைவயிற்றோடு கற்க நேர்ந்தவர் அவர்.

இங்கிலாந்தின் தென்பகுதியில் உள்ள சர்ரி மாவட்டத்தில், ஃபார்னம் என்னும் ஊரில், 1763 ஆம் ஆண்டு மார்ச் 9 ஆம் நாள் காபெட் பிறந்தார். அவருடைய பாட்டனார் நாட்கூலிக்கு உழைத்தவர். தந்தையார் சிறு உழவர். ஒரு விடுதியும் நடத்தி வந்தார். சிறுவன் வில்லியத்தின் முதல் வேலை, விதைத்த வயலில் பறவைகளை விரட்டுவது. காலையில் வயலுக்குப் புறப்படும்போது வேலிப் படலில் ஏறி இறங்கவும் இயலாத அளவுக்கு அவன் சிறியவனாக இருந்தான். பின்னர்க் களை பறித்தான். பரம்படிக்கும் குதிரையை நடத்திச் சென்றான். சற்று வளர்ந்ததும் ஏர் பிடித்தான்.

அவன் கல்வி பெரும்பாலும் குளிர்கால இரவுகளில் தந்தையிடம் பெற்றதே. எழுத்தும் வாசிப்பும் கணக்கும் அவ்வாறு வந்தன. இலக்கணம் மட்டும் வரவில்லை. தந்தையார் விதிகளை மனப்பாடம் செய்ய வைத்தார், பிள்ளைகளும் ஒப்பித்தனர். ஆனால் அவ்விதிகள் எதற்காக உள்ளன என்பது தந்தைக்கே தெளிவாகத் தெரியாது. தெரியாததைக் கற்பிப்பது எவ்வாறு? இவ்விடத்தில் நாமும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நாம் மாணவராயிருந்த காலத்தில், ஆங்கில வினைச்சொல்லின் இறுதியில் சில இடங்களில் ஓர் எழுத்துச் சேரும், சில இடங்களில் சேராது என்று வகுப்பே அதிரும்படி ஒப்பித்தோம். அவன் வருகிறான், அவள் வருகிறாள், அவர்கள் வருகிறார்கள் என்று தமிழில் வினையே ஆளைக் காட்டுகிறதே, அதுபோன்ற பணியின் எச்சம்தான் ஆங்கிலத்தில் அந்த ஓரெழுத்து என்று யாராவது சொல்லியிருந்தால் ஒரே நாளில் விளங்கியிருக்கும். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குச் சென்ற பிறகே அது நமக்கு விளங்கிற்று.

காபெட்டுக்குப் பதினொரு வயதானபோது, ஃபார்னமில் உள்ள ஆயர் மாளிகைத் தோட்டத்தில் களை பறித்துக்கொண்டிருந்தான். கியூ என்னுமிடத்திலுள்ள அரச பூங்காவின் சிறப்பை யாரோ கூறக் கேட்டு, மறுநாளே யாரிடமும் சொல்லாமல் நடந்தான். மாலையில் ரிச்மண்டு ஊரை அடைந்தபோது கையில் மூன்று பென்னி மட்டுமே எஞ்சியிருந்தது. அது இரவு உணவுக்கானது. ஒரு கடைச் சாளரத்தில் ஜோனத்தன் சுவிஃப்ட் எழுதிய சிறு நூல் ஒன்றைக் கண்டான். அதன் விலையும் மூன்று பென்னி. உணவை விட்டு நூலை வாங்கினான். வைக்கோற்போர் ஒன்றின் நிழலில் அமர்ந்து, இருள் சூழ்ந்து எழுத்து மறையும் வரை வாசித்துவிட்டு அங்கேயே உறங்கினான். பல பகுதிகள் புரியவில்லை. ஆயினும் தம் அறிவு விழித்தது அன்றுதான் என்று முதுமையிலும் அவர் நினைவு கூர்ந்தார். மறுநாள் பூங்காவில் வேலையும் கிடைத்தது.

இருபது வயதில் இலண்டன் சென்று ஒரு வழக்கறிஞரிடம் எழுத்தராகச் சில மாதங்கள் இருந்தார். அவ்விருண்ட அறை அவருக்கு ஒத்துவரவில்லை. 1784 ஆம் ஆண்டில் கடற்படையை நாடிச் சென்றவர், தம்மை அறியாமலே தரைப்படையின் 54 ஆம் படைப்பிரிவில் சேர்ந்துவிட்டார்! சாட்டம் என்னும் ஊரிலிருந்த பாசறையில் ஏறத்தாழ ஓராண்டு தங்க நேர்ந்தது.

அவருடைய கையெழுத்து அழகானது. ஆகவே அப்பாசறையின் தலைவரான கர்னல் டெபீக் தம் கடிதங்களைப் படியெடுக்கும் பணியை அவரிடம் ஒப்படைத்தார். எழுத்து அழகாயிருந்தும் இலக்கணப் பிழைகள் மலிந்திருந்தன. அதைக் கண்ட கர்னல் கடிந்து விரட்டவில்லை. இலக்கணம் கற்றால் உயர்வு உண்டு என்று அறிவுரை கூறினார். நல்ல தலைவர் ஒருவரின் ஒரு சொல் எத்துணைப் பயன் தருகிறது பாருங்கள்! காபெட், ராபர்ட் லௌத் என்னும் ஆயர் 1762 இல் வெளியிட்ட ஆங்கில இலக்கண நூலை வாங்கினார். அது ஏர் பிடித்த இளைஞனுக்கு எளிதில் பிடிபடுவதன்று.

அவர் கற்ற முறையைச் சற்று விரிவாகவே கூற விரும்புகிறோம். முதலில் அந்நூல் முழுவதையும் இரண்டு மூன்று முறை கையால் படியெடுத்தார். பிறகு முழுவதையும் மனப்பாடம் செய்தார். காலையும் மாலையும் ஒப்பித்தார். காவல் முறை வரும்போதெல்லாம், நின்ற இடத்திலேயே ஒருமுறை முழுவதையும் மனத்துக்குள் சொல்லி முடித்தார். படுக்கையின் விளிம்பே இருக்கை, முதுகுப்பையே நூலகம், மடியில் வைத்த பலகைத் துண்டே மேசை. விளக்கெண்ணெய்க்கோ மெழுகுவத்திக்கோ காசில்லை. குளிர்கால இரவுகளில் அடுப்பின் ஒளிதான் துணை. அதுவும் தம் முறை வரும்போதுதான். சுற்றிலும் பத்துப் பேருக்குக் குறையாத வீரர்கள் பேசியும் பாடியும் சிரித்தும் சீழ்க்கையடித்தும் கொண்டிருப்பர். அவர்களுக்கிடையே அமர்ந்து படித்தார்.

அன்றைய படைவீரனின் ஊதியம் நாளொன்றுக்கு ஆறு பென்னி. உணவு முதலிய செலவு போக வாரத்திற்கு இரண்டு பென்னி அளவே கையில் மிஞ்சும். ஒரு பேனாவோ ஒரு தாளோ வாங்க வேண்டுமானால் உணவில் ஒரு பகுதியைக் குறைக்க வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை, செலவெல்லாம் போக அரைப் பென்னி மிச்சம் பிடித்தார். மறுநாள் காலையில் ஒரு கருவாடு வாங்கலாம் என்று அதைப் பாதுகாத்தார். இரவு பசியோடு உடை மாற்றும்போது பார்த்தால் காசைக் காணவில்லை. எங்கோ விழுந்துவிட்டது. போர்வைக்குள் தலையைப் புதைத்துக்கொண்டு குழந்தைபோல் அழுதார் அந்தப் போர்வீரர்.

தந்தையிடம் மனப்பாடம் செய்தபோது வராத இலக்கணம், பாசறையில் மனப்பாடம் செய்தபோது மட்டும் வந்தது ஏன்? நாம் பலமுறை சிந்தித்ததுண்டு. பாசறையில் காலையில் ஒப்பித்த விதிக்கு அன்று பகலிலேயே வேலை இருந்தது. கர்னலின் கடிதம் முன்னே கிடக்கும். எழுவாய் எது, பயனிலை எது, ஒருமையா பன்மையா என்று பார்த்தாக வேண்டும். மனத்தில் ஏற்றியது கையில் இறங்கிற்று. மனப்பாடமே கூடாது என்று இக்காலத்தில் சிலர் கூறுகின்றனர். அதை நாம் ஏற்பதற்கில்லை. மனப்பாடத்தோடு நிறுத்திக்கொள்வதே குற்றம் என்பது நம் கருத்து.

1785 இல் படைப்பிரிவு வட அமெரிக்காவிற்குச் சென்றது. நோவா ஸ்கோஷியாவிலும் நியூ பிரன்ஸ்விக்கிலும் காபெட் ஆறாண்டுகள் பணிபுரிந்தார். மேலதிகாரிகள் பலருக்கு ஓர் அறிக்கையைப் பிழையின்றி எழுதத் தெரியவில்லை. அவ்வேலையெல்லாம் இவரிடம் வந்தது. முப்பது சார்ஜண்ட்டுகளைத் தாண்டி சார்ஜண்ட் மேஜராக உயர்ந்தார். 1791 இல் தாயகம் திரும்பி விடுதலை பெற்றதும், வீரர்களின் ஊதியத்தில் கைவைத்த அதிகாரிகள்மீது குற்றம் சாட்டினார். வழக்குத் தம்மீதே திருப்பப்படுவதை உணர்ந்து 1792 இல் பிரான்சுக்கும், அங்கிருந்து அமெரிக்காவின் பிலடெல்பியா நகருக்கும் சென்றார். அங்கே புகலிடம் தேடி வந்திருந்த பிரெஞ்சுக்காரர்களுக்கு ஆங்கிலம் கற்பித்துப் பிழைத்தார். அவர்களுக்காகவே 1795 இல் ஓர் ஆங்கிலப் பாடநூலும் எழுதினார்.

1800 இல் இங்கிலாந்து திரும்பி, 1802 இல் ‘பொலிட்டிக்கல் ரிஜிஸ்டர்’ என்னும் வார இதழைத் தொடங்கினார். ஊதியத்தில் பிடித்தம் செய்ததை எதிர்த்த ஊர்க்காவல் படையினருக்குக் கசையடி கொடுக்கப்பட்டதைக் கண்டித்து எழுதியமைக்காக, 1810 இல் இரண்டாண்டுச் சிறையும் ஆயிரம் பவுன் தண்டமும் பெற்றார். சிறையிலிருந்தபோது பண்ணையிலிருந்து ஒரு கூடை வந்துகொண்டிருக்கும். அதில் காய்கனிகளோடு பிள்ளைகள் எழுதிய கடிதங்களும் பண்ணைக் குறிப்புகளும் இருக்கும். ஒவ்வொன்றிற்கும் அவர் தவறாமல் விடை எழுதினார். அப்பிள்ளைகள் எழுதக் கற்றது பள்ளியில் அன்று. சிறையிலிருந்த தந்தைக்கு எழுதிய கடிதங்களில்தான்.

அக்காலத்தில் உழைப்பாளிகளுக்கு வாக்குரிமை இல்லை. நாடாளுமன்றத்திற்கு மனு அனுப்புவதே அவர்களுக்கிருந்த வழி. அந்த வழியிலும் மொழி ஒரு பூட்டாக நின்றது. 1793 இல் நாட்டிங்காம் நகர மக்கள் அனுப்பிய சீர்திருத்த மனு, அதன் நடை மரியாதைக் குறைவானது என்று காரணம் காட்டி ஏற்க மறுக்கப்பட்டது. மன்றத்தாருக்கு உகந்த நடையில் எழுதத் தெரிந்தவன் எங்கே கற்றிருப்பான்? இலத்தீன் கற்பித்த பள்ளிகளில், செல்வர் வீட்டில். தன் குறையைத் தானே எழுதத் தெரியாதவன், எழுதத் தெரிந்தவனின் வாசலில் நிற்க வேண்டும். இதை நம் தோட்டத்து மூத்தோருக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை. கிராணியின் வாசலில் நின்றவர்கள் அவர்கள்.

1816 இல் காபெட் தம் எழுத்தை இரண்டு பென்னி விலையில் வெளியிட்டார். மதுக்கடைகளிலும் பட்டறைகளிலும் ஒருவர் வாசிக்கப் பலர் சூழ்ந்து கேட்டனர். ஆட்சியாளர் அஞ்சினர். 1817 இல் விசாரணையின்றிச் சிறையிலிட வழிசெய்யும் சட்டம் வந்தது. கடன் தொல்லையும் சேர்ந்துகொள்ள, காபெட் மீண்டும் அமெரிக்கா சென்றார். நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் ஒரு பண்ணையை வாடகைக்கு எடுத்துப் பயிரிட்டுக்கொண்டே அவர் எழுதியதுதான் அவருடைய ஆங்கில இலக்கணம். 1818 இல் நியூயார்க்கிலும் அடுத்த ஆண்டு இலண்டனிலும் அது வெளிவந்தது. பள்ளிகளுக்கும் இளைஞர்க்கும் உரியது என்று கூறிவிட்டு, சிறப்பாகப் படைவீரர், மாலுமிகள், தொழில் பழகுவோர், ஏர் பிடிக்கும் சிறுவர் ஆகியோருக்காக என்று முகப்பிலேயே அச்சிட்டார்.

நூல் முழுவதும் தம் மகன் ஜேம்ஸ் பாலுக்கு எழுதும் கடிதங்களாக அமைந்துள்ளது. அச்சிறுவனுக்கு அப்போது பதினான்கு வயது. சொற்கள் ஒன்பது வகை என்று தொடங்கி, பெயர், வினை, பெயருக்கு ஈடாக நிற்கும் சொல் என ஒவ்வொன்றாக, அது ஏன் வேண்டும் என்பதைச் சொல்லிய பிறகே விதியைச் சொல்கிறார். ‘அது’ எனப் பொருள்படும் சின்னஞ்சிறு ‘இட்’ என்னும் சொல்லின்மீது அவருக்குத் தனிச் சினம். எதைக் குறிக்கிறது என்று எண்ணிப் பாராமல் அச்சொல்லைத் தாளில் இடலாகாது என்று எச்சரிக்கிறார். நம் பள்ளிக் கட்டுரை ஏடுகளைத் திருத்தும்போது, தமிழிலும் ‘அது’ என்ற சொல் செய்யும் குழப்பத்தை நாம் கண்டு வருகிறோம்.

நகைச்சுவைக்கும் குறைவில்லை. கூட்டத்தைக் குறிக்கும் பெயர்களுக்கு எடுத்துக்காட்டுத் தரும்போது, கலகக் கும்பல், திருடர் குகை போன்ற சொற்களோடு ஒரே வரிசையில் நாடாளுமன்றத்தையும் அமர்த்திவிட்டார்! பிழைகளுக்கு எடுத்துக்காட்டாக, அகராதி தந்த பேரறிஞர் ஜான்சனின் வாக்கியங்களையே எடுத்துத் திருத்தினார். பின்வந்த பதிப்பில் ஆறு பாடங்களைச் சேர்த்தார். அவை அரசியல் தலைவர்கள் பிழையாக எழுதாமலிருக்க உதவும் பாடங்களாம். நாடாளுமன்றத்தில் அரசர் பெயரால் படிக்கப்பட்ட உரை, அமைச்சர் காசில்ரேயின் எழுத்து, வாட்டர்லூவில் வென்ற வெலிங்டனின் எழுத்து ஆகியவற்றை வரிவரியாகப் பிரித்துக் காட்டினார். மக்களின் மனுவில் குறை கண்டவர்களின் எழுத்தையே ஏர் பிடித்தவர் ஒருவர் திருத்தி, அதே பாடங்களை ஏர் பிடிக்கும் சிறுவர் கையில் கொடுத்துவிட்டார்.

காபெட் குறையற்றவர் அல்லர். யூதர்களைப் பற்றியும் கறுப்பினத்தவரைப் பற்றியும் அவர் எழுதியவை வெறுப்பு மிகுந்தவை. அடிமை முறையை எதிர்த்துப் போராடியவர்களையும் ஏளனம் செய்தார். ஏழையின் துன்பத்தை உணர்ந்த ஒருவர் இதை உணராமற்போனது நமக்கு வருத்தமே.

1831 இல், கலகம் செய்த பண்ணைத் தொழிலாளர்களைத் தூண்டினார் என்று அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. தாமே வாதாடினார், நடுவர் குழு ஒருமித்த முடிவுக்கு வர இயலாமல் விடுதலையானார். 1832 இல் ஓல்டாம் தொகுதியின் உறுப்பினராக நாடாளுமன்றம் புகுந்தார். 1835 ஆம் ஆண்டு ஜூன் 18 ஆம் நாள், சர்ரியில் தாம் பயிரிட்டு வந்த பண்ணையில் காலமானார். அவர் உடல் பிறந்த ஊரான ஃபார்னமில் அடக்கம் செய்யப்பட்டது. இலக்கண நூல் அவருக்குப் பின்னும் பல பதிப்புகள் கண்டது. அவற்றுள் ஒன்றில், உச்சரிப்பைப் பற்றிய புதிய அதிகாரம் ஒன்று சேர்க்கப்பட்டது. அதை எழுதியவர், பதினான்கு வயதில் அக்கடிதங்களைப் பெற்ற ஜேம்ஸ் பால்.