நேர்ச்சைப் பிள்ளை: புனித அருளானந்தர்



நம் பங்கின் பொன்விழா மலருக்கு ஒரு புனிதரின் வரலாற்றை எழுதித் தர வேண்டுமென்று விழாக் குழுவினர் கேட்டபோது, என் கண் முன் முதலில் வந்து நின்றவை நோயாளிகளின் கட்டில்கள்தாம். தோல் ஷாப்பில் உழைத்து ஓய்ந்தவர்கள், பூட்டுப் பட்டறையில் கண் பார்வை மங்கியவர்கள், மதுரை பெரியாஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் என்று எத்தனையோ பேருக்கு நோயில் பூசுதல் கொடுத்திருக்கிறேன். சிலர் எழுந்து அடுத்த ஞாயிறே பூசைக்கு வந்தார்கள். சிலரை நானே கல்லறைத் தோட்டம் வரை கொண்டுபோய் அடக்கம் செய்தேன். செபம் ஒன்றுதான், எண்ணெயும் ஒன்றுதான், முடிவு மட்டும் வேறு வேறு. என் பிள்ளைக்கு மட்டும் ஏன் சாமி இப்படி என்று கேட்ட தாய்மாருக்குச் சட்டென்று சொல்ல என்னிடம் பதில் இருந்ததில்லை. குருமடத்தில் படித்த இறையியல் அந்த வீட்டு வாசலில் வாயடைத்து நின்றுவிடும். அப்போதெல்லாம் என் நெஞ்சுக்கு ஆறுதல் தந்தது ஓரியூர் புனிதரின் வாழ்க்கை.

நம்மில் பலர் வேன் பிடித்து ஓரியூர் போய் வருகிறோம். செம்மண்ணை நெற்றியில் இட்டுக்கொள்கிறோம், கொஞ்சம் முடிந்தும் வருகிறோம். அந்த மண்ணில் இரத்தம் சிந்தியவர் ஒரு காலத்தில் பிழைப்பாரோ மாட்டாரோ என்று கிடந்த நோயாளிப் பிள்ளை என்பது நமக்குத் தெரியுமா?

1647-ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் போர்த்துக்கல் நாட்டின் லிஸ்பன் நகரில் உயர்குடியில் பிறந்தவர் ஜான் டி பிரிட்டோ. சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். அரண்மனையில் இளவரசர் பேதுருவின் தோழனாக வளர்ந்து வந்தபோது, பதினோரு வயதளவில் கடும் நோயில் விழுந்தார். வைத்தியர்கள் கைவிட்டனர். விதவைத் தாய் புனித சவேரியாரிடம் முறையிட்டாள். பிள்ளை பிழைத்தால் ஓராண்டு காலம் சேசு சபையாரின் அங்கியை அவனுக்கு உடுத்துவதாக நேர்ந்துகொண்டாள். நம் தாய்மார் மொட்டை போடுவதாகவும் அன்னதானம் கொடுப்பதாகவும் நேர்ந்துகொள்வது போலத்தான்!

பிள்ளை பிழைத்தான். பட்டும் சரிகையும் மின்னிய அரண்மனையில் ஓராண்டு கறுப்பு அங்கியோடு நடமாடினான். ஆண்டு முடிந்தது, அங்கியைக் கழற்றினார்கள். தாயின் நேர்ச்சை நிறைவேறிவிட்டது. ஆனால் மகனுடைய நேர்ச்சை அப்போதுதான் தொடங்கியது. தனக்குத் திரும்பக் கிடைத்த உயிர் தன்னுடையதல்ல என்று அவர் உணர்ந்துகொண்டார் போலும். 1662-இல் பதினைந்து வயதில் சேசு சபையில் சேர்ந்தார். குருவானதும் இந்தியாவுக்குப் போகிறேன் என்றார். தாய் பதறிப்போய்த் தடுத்துப் பார்த்தாள். ஓராண்டுக்கு நேர்ந்துவிட்ட பிள்ளையை ஆயுளுக்கும் கொடுக்க எந்தத் தாய்க்குத்தான் மனம் வரும்? 1673-இல் கப்பலேறிய அவர், அடுத்த ஆண்டு மதுரை மறைத்தளத்துக்கு வந்து சேர்ந்தார். நம் திண்டுக்கல் சீமையும் மதுரை நாயக்கர் ஆட்சியின் கீழிருந்த காலம் அது.

ஜான் டி பிரிட்டோ இங்கே அருளானந்தர் ஆனார். இராபர்ட் தெ நொபிலி சுவாமி காட்டிய வழியில் காவி உடுத்தார், புலால் துறந்தார், தரையில் படுத்தார், தமிழில் போதித்தார். வெயிலிலும் வெள்ளத்திலும் கால்நடையாகவே ஊர் ஊராய்ச் சென்றார். 1686-இல் மறவர் நாட்டில் வேதியர்களோடு பிடிபட்டுக் கொடிய சித்திரவதைக்கு உள்ளானார். கடைசியில் சேதுபதி மன்னர் அவரை விடுவித்தார். தம் நாட்டில் இனிப் போதிக்கக் கூடாது என்று தடையும் விதித்தார். 1687-இல் சபைக் காரியமாக லிஸ்பன் சென்றபோது, பழைய தோழர் பேதுரு இப்போது அரசர். இங்கேயே இருந்துவிடும்படி கேட்டுக்கொண்டார். வயதான தாயும் அங்கேதான் இருந்தாள். அருளானந்தரோ 1690-இல் மீண்டும் நம் நாட்டுக்கே திரும்பினார்.

அன்பர்களே, இவர் வாழ்வின் தொடக்கத்தில் ஒரு நோயாளியைக் கண்டோம். முடிவிலும் ஒரு நோயாளியைக் காண்கிறோம். மறவர் நாட்டு அரச குடும்பத்தைச் சேர்ந்த தடியத் தேவர் தீராத நோயில் படுத்துவிட்டார். எந்த மருந்தும் பலிக்கவில்லை. அருளானந்தர் வந்து செபிக்க வேண்டுமென்று ஆள் அனுப்பினார். சுவாமியோ தாம் போகாமல் வேதியர் ஒருவரை அனுப்பி வைத்தார். வேதியர் நோயாளியின் அருகிலிருந்து நற்செய்தியை வாசித்துச் செபித்தார். தேவர் சுகமடைந்து எழுந்தார். செபித்தவர் ஒரு சாதாரண வேதியர் என்பதைப் பங்கு மக்களாகிய நீங்கள் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சுகம் பெற்ற தேவர் திருமுழுக்குக் கேட்டார். அருளானந்தர் உடனே இணங்கவில்லை. தேவருக்கு மனைவியர் பலர் இருந்தனர். முதல் மனைவியோடு மட்டும் வாழ்ந்தால்தான் திருமுழுக்கு என்றார். நோய் தீர்ந்த உடலுக்குப் புது வாழ்வும் வேண்டுமல்லவா? தேவர் சம்மதித்தார். மற்றவர்களுக்கு வேண்டிய வசதி செய்வதாகச் சொல்லி அவர்களை விலக்கினார். 1693-ஆம் ஆண்டு மூவரசர் திருநாளன்று திருமுழுக்குப் பெற்றார். விலக்கப்பட்டவர்களில் இளையவள் கிழவன் சேதுபதியின் உறவுப் பெண். கண்ணீரோடு அரண்மனைக்குப் போய் முறையிட்டாள். அவளுடைய கண்ணீரை நாம் இலேசாக எண்ணலாகாது. அவள் வாழ்வு ஒரே நாளில் கலைந்துபோயிற்று. ஆனால் அந்தக் கண்ணீர் அரசரின் கோபமாக மாறி அருளானந்தர் மேல் பாய்ந்தது.

ஜனவரி 8-ஆம் நாள் அவரைப் பிடித்தார்கள். இராமநாதபுரத்துக்கு இழுத்துச் சென்றார்கள். அங்கே கொன்றால் மக்கள் கலங்குவார்கள் என்று எண்ணி ஓரியூருக்கு அனுப்பினார்கள். சிறையில் கரியைக் கரைத்து மையாக்கி, துரும்பை எழுதுகோலாக்கி, சபையாருக்குக் கடைசிக் கடிதம் எழுதினார். பிப்ரவரி 4, திருநீற்றுப் புதன். மனிதன் மண்ணுக்குத் திரும்புவான் என்று திருச்சபை நினைவூட்டும் அதே நாளில், ஓரியூர் மண்ணில் அவர் தலை வெட்டப்பட்டு விழுந்தது. அவருக்கு வயது நாற்பத்தைந்து.

இப்போது அந்தக் கட்டிலுக்குத் திரும்புவோம். பதினோரு வயதில் அருளானந்தரைக் காப்பாற்றிய அதே இறைவன் ஓரியூரில் ஏன் காப்பாற்றவில்லை? முதல் முறை தாயின் செபம் கேட்டவர், இரண்டாம் முறை காதை மூடிக்கொண்டாரா? இல்லை. உடல் நலம் ஆண்டவர் தரும் கொடை, ஆனால் கொடைகளில் கடைசியானது அன்று. பெத்தானியா ஊர் இலாசரும் உயிர் பெற்று எழுந்து பின்னொரு நாள் இறக்கத்தான் வேண்டியிருந்தது. சுகம் கிடைப்பது பிறருக்காக வாழ்வதற்கு. சுகம் கிடைக்காத போதும் கைவிடாத கை ஒன்று நம்மைப் பற்றியிருக்கிறது என்பதே நம் நம்பிக்கை. அந்தக் கையைப் பற்றிக்கொண்டு முதல் கட்டிலிலிருந்து எழுந்தார் அருளானந்தர். அதே கையைப் பற்றிக்கொண்டு கொலைக்களத்துக்கும் நடந்தார்.

மகன் கொலையுண்ட செய்தி லிஸ்பனை எட்டியபோது, அவருடைய தாய் துக்க உடை உடுத்தாமல் திருநாள் உடை உடுத்தி அரண்மனைக்கு வந்தாள் என்பது வரலாறு. ஓராண்டு நேர்ச்சையாகத் தொடங்கியது என்னவென்று அன்றுதான் அவளுக்கு முழுவதும் விளங்கியிருக்க வேண்டும்.

1853-இல் அருளானந்தர் முத்திப்பேறு பெற்றவரானார். 1947-ஆம் ஆண்டு ஜூன் 22-ஆம் நாள் திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

பங்கு மக்களே, இந்தப் பொன்விழா ஆண்டில் உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். நோயிலிருந்து எழுந்தவர்கள் நேர்ச்சையைச் செலுத்தியதோடு கணக்கு முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். உங்கள் தெருவில் படுத்திருக்கும் ஒருவரைத் தேடிப் போங்கள். அந்த வேதியரைப் போல அருகில் உட்கார்ந்து நற்செய்தியை வாசியுங்கள், கஞ்சி ஆற்றிக் கொடுங்கள், மருந்துச் சீட்டைப் பார்த்து உதவுங்கள். இன்னும் படுக்கையில் இருப்பவர்களே, உங்கள் செபம் வீண் போகவில்லை. உங்கள் வேதனையோடு இந்தப் பங்கு முழுவதும் பீடத்தருகே நிற்கிறது.

புனித அருளானந்தரே, எங்கள் நோயாளிகளுக்காகவும், நோய் தீர்ந்தும் நன்றி மறந்த எங்களுக்காகவும் வேண்டிக்கொள்ளும்.

இறையன்பில்,
உங்கள் பங்குத் தந்தை